லங்காவி மீண்டும் மூடப்பட்டால் சிறுதொழில் செய்வோர் என்ன செய்ய வேண்டும்

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, சுற்றுலாத் தீவான லங்காவிக்கு வெளிநாட்டுப் பயணிகளின் வரவு நின்றுபோனது. அதே ஆண்டு ஜூன் 10ஆம் தேதிக்குப் பின் உள்நாட்டவர் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி கிடைத்து, தீவுக்குச் சற்று மூச்சு வந்தது. 2021 ஜனவரியில் அந்த வழியும் அடைபட்டது. 2021 செப்டம்பர் 16ஆம் தேதி, தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட உள்நாட்டவருக்குத் தீவு முன்னோடித் திட்டமாகத் திறக்கப்படும் வரை, செனாங் கடற்கரையில் அறைகளை வாடகைக்கு விட்டவர்களும், கிலிம் சதுப்புநிலக் காட்டுக்குப் படகு ஓட்டியவர்களும், குவா படகுத்துறையருகே வாடகைக் கார் வைத்திருந்தவர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்களுடைய கோபம் நியாயமானது. அப்படி ஒரு நிலை திரும்பவும் வந்தால், கோபத்தை முகநூலில் கொட்டித் தீர்த்துவிடாமல், ஒரு விதியையாவது மாற்றக்கூடிய வேலையாக ஆக்குவது எப்படி என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், உங்களை உண்மையில் பாதித்தது எது என்று தாளில் எழுதிப் பாருங்கள். "தீவை மூடிவிட்டார்கள்" என்று எழுதினால் அது குறையாகப் பதிவாகுமே தவிர, அதிகாரி ஒருவர் அதை வைத்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 2021 ஜனவரி 11ஆம் தேதி மாலை பிரதமர் அறிவித்த மாநில எல்லைத் தடை 13ஆம் தேதியே நடப்புக்கு வந்துவிட்டது. பிப்ரவரி 12ஆம் தேதி சீனப் புத்தாண்டு; அந்த விடுமுறையை நம்பி முன்பணம் வாங்கி, பொருள்களுக்கும் ஆள்களுக்கும் ஏற்பாடு செய்திருந்த ஒருவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே நாள். இங்கே குறை தடையைப் பற்றியது மட்டுமன்று, அவகாசத்தைப் பற்றியது. "தடை விதிப்பதானால் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அது முடியாத நெருக்கடியானால், ஏற்கெனவே பதிவு செய்து தீவுக்குள் வந்துவிட்டவர்கள் தங்கி முடித்துப் போக அனுமதி வேண்டும்" என்பது ஓர் அலுவலகம் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டிய கோரிக்கை. அவகாசம், விதியின் தெளிவு, செலவு, முடிவுத் தேதி என்று இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டால், உங்கள் கோரிக்கைகள் மூன்று நான்குக்கு மேல் போகாது, போகவும் கூடாது.

அடுத்து, மறுதரப்பின் அச்சத்தை நேர்மையாக எடுத்துப் பேசுங்கள். தீவில் உள்ள அரசு மருத்துவமனை சுல்தானா மாலிஹா ஒன்றுதான். நோயாளிகள் ஒரே நேரத்தில் பெருகினால், நிலை மோசமானவர்களைக் கடல் கடந்து அலோர் ஸ்டார் வரை கொண்டுபோக வேண்டியிருக்கும். இதைக் குறிப்பிடாமல் "திறந்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்கும் மனுவைப் படிக்கும் சுகாதார அதிகாரி, எழுதியவருக்கு நிலைமை தெரியவில்லை என்றே எண்ணுவார். மாறாக, உங்கள் சங்கத்தில் எத்தனை ஊழியர்கள் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், விருந்தினர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் எந்த அறையில் தனியாக வைப்பீர்கள், யாருக்குத் தகவல் சொல்வீர்கள் என்பவற்றை நீங்களே முன்வந்து எழுதுங்கள். உங்கள் பகுதிச் சுகாதார ஊழியர்கள் மீது எரிந்துவிழுவதால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் விதியை வகுப்பவர்கள் அல்லர்.

முன்னுதாரணம் காட்டுவது வலுவான வழி. தாய்லாந்தின் புக்கெட் தீவு, அங்கு வசிப்போரில் எழுபது விழுக்காட்டினருக்கு முதலில் தடுப்பூசி போடுவது என்ற குறிக்கோளோடு, 2021 ஜூலை 1ஆம் தேதி தடுப்பூசி போட்ட வெளிநாட்டவருக்குத் தனிமைப்படுத்தல் இல்லாமல் திறக்கப்பட்டது. வந்தவர்கள் நாட்டின் வேறு பகுதிகளுக்குப் போவதானால் முதலில் பதினான்கு இரவுகள் தீவிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனை, அக்டோபரில் ஏழு இரவுகளாகக் குறைந்தது. லங்காவியின் முன்னோடித் திட்டம் அதற்குப் பின்பே வந்தது. இனி எழுதும் மனுவில் இந்த இரண்டையுமே காட்டலாம்: நிபந்தனையோடு திறப்பதும், அனுபவத்தைப் பார்த்து நிபந்தனையைத் தளர்த்துவதும் நடந்திருக்கின்றன.

மனுவை மலாய் மொழியில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். லங்காவி மேம்பாட்டு வாரியமான லாடாவுக்கும், சுற்றுலா அமைச்சுக்கும், தேசியப் பாதுகாப்பு மன்றத்திற்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும், குவா அல்லது ஆயர் ஹங்காட் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் அனுப்பி, எல்லாப் பிரதிகளிலும் மற்றவர்கள் பெயரையும் குறிப்பிடுங்கள். தனியாளாக எழுதுவதைவிட, பத்துப் படகுக்காரர்கள் உரிம எண்ணோடு கையெழுத்திட்டு அனுப்புவதற்கு மதிப்பு அதிகம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்க மறக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், அந்த முத்திரை பதித்த பிரதியோடு நேரில் போய்க் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனிப் பணம். 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்திற்கு வங்கிக் கடன் தவணைகள் தாமாகவே ஒத்திவைக்கப்பட்டன; 2021 ஜூன் இறுதியில் அறிவித்த ஆறு மாத ஒத்திவைப்புக்கோ விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சலுகை வந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டதோடு இருந்துவிடாமல், அது தானாக வருவதா, கேட்டுப் பெறுவதா என்பதை அன்றே வங்கியில் கேட்டுவிடுங்கள். ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி ஆகாது. வட்டி எப்படிக் கணக்கிடப்படும் என்பதை எழுத்தில் பெறுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என அடுத்தடுத்து வழிகள் திறக்கப்பட்டன. அடுப்பெரிய வேறு வழியில்லாதவர்கள் எடுத்ததில் தவறேதும் இல்லை. ஆனால் கடை வாடகைப் பாக்கியைத் தீர்ப்பதற்காக முதுமைக்கான சேமிப்பில் கை வைப்பதற்கு முன், இடத்தின் உரிமையாளரிடமும் வங்கியிடமும், பிறகு இலவசக் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.யிடமும் பேசிப் பார்ப்பதே முறை. வயது கூடக் கூட அந்தத் தொகையைத் திரும்பச் சேர்ப்பது மிகக் கடினம்.

முன்பணம் கொடுத்த விருந்தினர்களுக்குத் தடை அறிவித்த அன்றே செய்தி அனுப்புங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவது, தேதியை மாற்றிக்கொள்வது ஆகிய இரண்டையும் முன்வைத்து, மாற்றிய தேதி எந்த மாதம் வரை செல்லும், விலை கூடுமா என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிடுங்கள். முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்தால்தான் இது முடியும். அந்தப் பழக்கத்தை நல்ல காலத்திலேயே தொடங்க வேண்டும்.

சும்மா கிடக்கும் பொருள் கெடும் என்பதைப் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள். உப்புத்தண்ணீரில் ஓடிய படகு எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, தொட்டியில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, பாட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள். பல மாதம் கிடந்த பெட்ரோல் பிசினாகி எரிபொருள் குழாய்களை அடைத்துக்கொண்டால், திறக்கும் நாளில் முதல் வருமானம் பட்டறைக்குப் போய்விடும். வாடகைக் கார்களை வாரத்திற்கொரு முறை ஓட்டி, சக்கரங்களின் காற்றைச் சரிபாருங்கள். அறைகளில் குளிர்சாதனத்தை அவ்வப்போது இயக்கி, மெத்தைகளை நிமிர்த்தி வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

இவ்வளவு ஆயத்தம் எதற்கென்றால், வாய்ப்பு வரும்போது குறுகிய காலத்திற்கே வருகிறது. செப்டம்பர் 16ஆம் தேதி லங்காவி திறந்தது. பெரியவர்களில் தொண்ணூறு விழுக்காட்டினர் தடுப்பூசியை முடித்ததும், அக்டோபர் 11ஆம் தேதி நாடு முழுவதும் மாநில எல்லைத் தடை நீங்கிவிட்டது. நாடு முழுவதும் திறப்பதற்கு முன் லங்காவிக்குக் கிடைத்த காலம் இருபத்தைந்து நாள். ஆகவே ஊழியர்களின் தடுப்பூசிச் சான்று, புதுப்பித்த உரிமம், படகின் காப்புறுதி, தேதி மாற்றிக்கொண்ட விருந்தினர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் அடங்கிய பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். திறப்புத் தேதி அறிவிக்கப்பட்டவுடன், விளம்பரத்திற்குச் செலவு செய்வதற்கு முன், அந்தப் பட்டியலில் உள்ளவர்களை வரிசையாக அழைத்து, பழைய விலைக்கே அறையை உறுதி செய்யுங்கள்.