ஐந்தொகையை டெப் பொதியாகக் கட்டுவது

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு இருப்பும் பில்லும் பார்க்கும் பைத்தான் நிரல் தயார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் ஐந்தொகை. பட்டறையில் ஒரு கணினி, காரைக்குடிக் கடையில் இரண்டு. எல்லாம் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ். பென்டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் கையால் நகலெடுத்தால், மூன்றே மாதத்தில் எதில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. இவற்றில் நிரல்களை நிறுவப் பயன்படும் பொதி வடிவம் டெப்; ஒரே டெப் கோப்பாகக் கட்டிவிடலாம். அதற்கான டிபிகேஜி-டெப் கருவி இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. (ஆணைகளை ஒலிப்படி தருகிறோம், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.)

ஹோம் அடைவில் (அடைவு என்றால் ஃபோல்டர்) 'ஐந்தொகை' என்று ஓர் அடைவு திறக்கவும். நிறுவிய பின் கோப்பு எங்கே உட்கார வேண்டுமோ, அதே பாதையை இதற்குள் உருவாக்கவும்: ஓட்டும் ஸ்கிரிப்ட் யூஎஸ்ஆர்/பின் உள்ளே, அனுமதி 755 (எல்லோரும் ஓட்டலாம்); மற்ற நிரல் கோப்புகள் யூஎஸ்ஆர்/ஷேர்/ஐந்தொகை உள்ளே, 644 (பிறர் படிக்க மட்டும்). கூடவே 'டெபியன்' என்ற அடைவு. இதன் பெயர் முழுக்க ஆங்கிலப் பேரெழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த அடைவில் 'கன்ட்ரோல்' என்ற உரைக்கோப்பு. பேக்கேஜ், வெர்ஷன், ஆர்க்கிடெக்சர், மெயின்டெய்னர், டிஸ்கிரிப்ஷன் ஆகிய ஐந்து வரிகள் போதும். பொதியின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், கூட்டல் குறி, ஹைஃபன், புள்ளி தவிர வேறெதுவும் வரக்கூடாது. அடிக்கோடு போட்டால் ஏற்காது. வெர்ஷன் வரியில் தருவது ஓர் இலக்கத்தோடுதான் தொடங்க வேண்டும். வெறும் பைத்தான் என்றால் ஆர்க்கிடெக்சர் 'ஆல்'. கம்பைல் செய்த நிரல் என்றால் 'ஏஎம்டி64'. சாளரத்துக்கு டிகின்டர் என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தால், நிரல் ஓட வேண்டிய மற்ற பொதிகளைச் சொல்லும் 'டிபென்ட்ஸ்' வரியில் பைத்தான்3, பைத்தான்3-டிகே இரண்டையும் சேர்க்கவும். கடைசி வரி முடிந்ததும் ஒரு என்டர் தட்டுங்கள். அது இல்லாமல் கட்டுமானம் நின்று, பிழை எங்கே என்று தேடியவர்கள் நிறையப் பேர்.

பில் தரவுத்தளத்தைப் பொதிக்குள் வைக்கவே கூடாது. அடுத்த பதிப்பை நிறுவும்போது, பொதிகளை நிறுவும் டிபிகேஜி பழைய கோப்பின் மேல் புதியதைக் கேட்காமல் எழுதிவிடும். ஒரு வருஷத்து வரவு பற்று போய்விடும். நிரல் முதல் தடவை ஓடும்போது பயனரின் ஹோம் அடைவில் அதை உருவாக்கட்டும். கடை முகவரி, வரி விகிதம் போன்ற அமைப்புகளை ஈடிசி (அமைப்புக் கோப்புகளுக்கான அடைவு) உள்ளே வைத்து, முழுப் பாதையை டெபியன் அடைவிலுள்ள 'கான்ஃப்ஃபைல்ஸ்' கோப்பில் எழுதவும். கடைக்காரர் திருத்திய கோப்பு புதிய பதிப்பிலும் மாறியிருந்தால், எதை வைப்பது என்று கேட்கும்.

இனி கட்டலாம்: டிபிகேஜி-டெப் --ரூட்-ஓனர்-குரூப் -இசட்எக்ஸ்இசட் --பில்ட் ஐந்தொகை. (இரண்டாவது விருப்பத்தில் முதல் இசட் மட்டும் பேரெழுத்து.) முதல் விருப்பத்தை விட்டால், நிறுவப்படும் கோப்புகள் ரூட்டுக்கு (கணினி நிர்வாகிக்கு) பதில் உங்கள் பயனர் எண்ணின் பெயரில் இருக்கும். இரண்டாவது, கோப்பை எக்ஸ்இசட் முறையில் சுருக்கச் சொல்வது. அதை விட்டால், உபுண்டு 21.10 முதல் இஸட்-ஸ்டாண்டர்டு சுருக்கம்தான் இயல்பு. அந்தக் கோப்பை டெபியன் 11 திறக்காது.

'பேட் பெர்மிஷன்ஸ்' என்று பிழை வந்தால், அநேகமாகப் பென்டிரைவிலேயே வைத்துக் கட்டப் பார்த்திருப்பீர்கள். ஃபேட் வடிவ டிரைவில், அனுமதியை மாற்றும் சிஹெச்மோட் ஆணை எடுபடாது. டெபியன் அடைவுக்கோ 755-க்குக் குறையாமலும் 775-க்கு மிகாமலும் அனுமதி வேண்டும். ஹோம் அடைவில் கட்டி, முடிந்த டெப்பை மட்டும் டிரைவில் ஏற்றவும். அதற்கு முன் டிபிகேஜி-டெப் -சி போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை.

நிறுவ: சூடோ ஏபிடி இன்ஸ்டால், பிறகு புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கோப்பின் பெயர். அந்த இரண்டு குறி இல்லாவிட்டால் ஏபிடி இணையக் களஞ்சியத்தில் தேடப் போய்விடும். டிபிகேஜி -ஐ (ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஐ') என்றாலும் நிறுவலாம், ஆனால் சார்புப் பொதிகளை அது கொண்டுவராது. பட்டறையில் இணையம் இல்லையென்றால், அதே பதிப்பு உபுண்டு உள்ள வேறு கணினியில் ஏபிடி டவுன்லோட் மூலம் பைத்தான்3-டிகே-யையும் அதற்கு வேண்டியவற்றையும் இறக்கி உடன் எடுத்துப்போகவும்.

அடுத்த பதிப்புக்கு எண் ஏற்றும்போது, 1.9-க்குப் பின் 1.10 என்று தைரியமாகப் போடலாம். டிபிகேஜி அதைத் தசமமாக அல்ல, ஒன்பதும் பத்துமாகப் படிக்கும்.