கஞ்சிக்கோட்டுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் புதிதாக வருபவர்களுக்கு: இங்கிலீஷ் தாளில் ‘யார்’ என்று தேடுங்கள்

வாளையாறு தாண்டி கேரளத்துத் தொழில்பேட்டையான கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வருபவருக்கு மலையாளம் பேச்சு சீக்கிரம் பிடிபட்டுவிடும், எழுத்துக்கு நாளாகும். தடா வழியாக ஆந்திரத்துத் தொழில் நகரமான ஸ்ரீசிட்டிக்கு வருபவருக்குத் தெலுங்கும் அப்படித்தான். அதுவரை கையில் வந்து விழும் தாள்களில் நாமே வாசித்துக்கொள்ளக்கூடியது இங்கிலீஷ் ஒன்றுதான்: வேலை உத்தரவு, வாடகை ஒப்பந்தம், பேங்க் எஸ்.எம்.எஸ்., கம்பெனி நோட்டீஸ் போர்டு.

இந்தத் தாள்களில் திரும்பிய பக்கமெல்லாம் செயப்பாட்டு வினைதான். ‘ராமன் கடிதம் எழுதினான்’ என்பதை ‘ராமனால் கடிதம் எழுதப்பட்டது’ என்று மாற்றி மார்க் வாங்கிய அதே பாடம். ஆனால் பள்ளிக் கணக்கில் ‘ராமனால்’ என்று ஒருவர் இருந்தார். நிஜத் தாளில் பெரும்பாலும் அவர் இருக்க மாட்டார். அவரைக் கண்டுபிடிப்பது வாசிப்பவர் வேலை.

அடையாளம் எளிது. ஆம், ஈஸ், ஆர், வாஸ், வேர், பி, பீன், பீயிங் இவற்றில் ஒன்று, அதை ஒட்டி வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம்: ‘ஈஸ் பெய்டு’, ‘வாஸ் சென்ட்’, ‘ஹேஸ் பீன் டேக்கன்’. நோட்டீஸ் போர்டில் இந்தத் துணைச்சொல்லையும் விழுங்கிவிடுவார்கள். ‘மொபைல் போன்ஸ் நாட் அலவ்டு’ என்றால் நடுவில் ஒரு ‘ஆர்’ மறைந்திருக்கிறது.

அடுத்தது மிக முக்கியம். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

‘டாக்குமெண்ட்ஸ் மஸ்ட் பி சப்மிட்டட் விதின் 7 டேஸ்.’
‘டாக்குமெண்ட்ஸ் வில் பி வெரிஃபைட் விதின் 7 டேஸ்.’

இரண்டிலும் ஆள் பெயர் இல்லை. முதல் வரியில் வேலை உங்களுடையது. ஏழு நாளுக்குள் நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் வேலை அவர்களுடையது. நீங்கள் காத்திருந்தால் போதும். ‘மஸ்ட் பி’, ‘ஷுட் பி’, ‘டு பி’ என்று வந்தால் ‘இது என் தலையில்’ என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வில் பி’, ‘ஹேஸ் பீன்’ என்று வந்தால் பெரும்பாலும் எதிர்த்தரப்பு செய்வது. ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’ கேட்க மென்மையாக இருக்கும், ஆனாலும் அது உத்தரவு. ‘யூ ஆர் ஹியர்பை டைரக்டட் டு’ என்றால் கெடுவைத் தவறவிடவே கூடாது. புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான்: தான் கொடுக்க வேண்டிய தாளை அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து, ஏழு நாளும் சும்மா இருந்துவிடுவார்கள்.

‘ஷல் பி’ மட்டும் இரண்டு பக்கமும் பாயும். வாடகை ஒப்பந்தம் முழுக்க அதுதான். ‘எலக்ட்ரிசிட்டி சார்ஜஸ் ஷல் பி போர்ன் பை த டெனன்ட்’ என்றால் கரண்ட் பில் உங்கள் பொறுப்பு; ‘போர்ன்’ என்பதற்கு இங்கே பிறப்போடு சம்பந்தமில்லை, சுமப்பது என்று பொருள். ‘பை’ என்ற சொல்லையும் பார்த்து வாசிக்க வேண்டும். ‘ரென்ட் ஷல் பி பெய்டு பை த டெனன்ட் பை த 5த் பை பேங்க் டிரான்ஸ்ஃபர்’ என்ற ஒரே வரியில் மூன்று ‘பை’. முதலாவது யார், இரண்டாவது எந்தத் தேதிக்குள், மூன்றாவது எந்த வழியில். ‘பை’ வந்தாலே ‘ஆல்’ என்று மொழிபெயர்க்கும் பள்ளிப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் பற்றிய வரியில்தான் பணம் போகும். ‘த டெபாசிட் ஷல் பி ரீஃபண்டட் ஆஃப்டர் டிடக்‌ஷன்ஸ்’ என்று மட்டும் இருந்தால் யார் திருப்பித் தருவார், காலி செய்து எத்தனை நாளில், எதற்கெல்லாம் பிடிப்பார் என்ற மூன்றும் காற்றில் நிற்கின்றன. கையெழுத்துப் போடுமுன் ‘பை த ஓனர்’, ‘விதின் 15 டேஸ்’ என்பது போல எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் கூலி எவ்வளவு என்பதையும் எண்ணாகவே போடச் சொல்லுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அதனால்தான் எங்கு போனாலும் 11 மாத ஒப்பந்தமாகவே நீட்டுகிறார்கள்.

வேலை உத்தரவில் இரண்டு வரிகளை நிறுத்தி வாசியுங்கள். ‘யூ மே பி டிரான்ஸ்ஃபர்டு’ என்றால் வேறு யூனிட்டுக்கு மாற்றும் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. ‘அன்லெஸ் கன்ஃபர்ம்டு இன் ரைட்டிங், ப்ரொபேஷன் ஷல் பி டீம்டு டு பி எக்ஸ்டெண்டட்’ என்றால், நிரந்தரம் என்று எழுத்தில் வராதவரை தகுதிகாண் காலம் தானே நீண்டுகொண்டே போகும். யாரும் வந்து சொல்லப்போவதில்லை. ‘டீம்டு’ என்றால் ‘அப்படி ஆனதாகவே வைத்துக்கொள்ளப்படும்’. கன்ஃபர்மேஷன் கடிதத்தை நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

பேங்க் செய்தியில் காலத்தைப் பாருங்கள். ‘ஹேஸ் பீன் டெபிட்டட்’ என்றால் பணம் போய்விட்டது. ‘வில் பி டெபிட்டட்’ என்றால் இனிமேல்தான் போகும், இ.எம்.ஐ. தேதிக்கு முன் கணக்கில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஈஸ் பீயிங் ப்ராசஸ்டு’ என்றால் இன்னும் முடியவில்லை. ‘ஹேஸ் பீன் ஃபார்வர்டட்’ என்பதைப் பலர் பாஸாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதே நடையை ஏமாற்றுக்காரர்களும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘யுவர் எலக்ட்ரிசிட்டி வில் பி டிஸ்கனெக்டட் டுநைட் அட் 9.30’, கீழே ஒரு செல்போன் எண். யார் துண்டிக்கப் போகிறார்கள் என்பது இருக்காது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கு முன் முழுதாக 15 நாள் எழுத்துமூல நோட்டீஸ் தர வேண்டும். ‘இன்றிரவே’ என்று வந்தால் அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். பில்லில் அச்சிட்ட எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிடுங்கள்.

போர்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த நடை மனதில் நன்றாகப் பதியும். தெலுங்கில் ‘நிஷேதிம்பபடினதி’ என்று எழுதியிருப்பதில் உள்ள ‘படு’ நம் ‘தடை செய்யப்பட்டது’ என்பதில் வரும் அதே ‘படு’. மலையாளப் போர்டோ ‘புகவலி நிரோதிச்சிரிக்குன்னு’ என்று ‘படு’ இல்லாமலேயே ஆளை விட்டுவிடும். பேச்சுத் தமிழிலும் நாம் ‘கரண்ட் துண்டிக்கப்பட்டது’ என்பதில்லை. ‘கரண்டைக் கட் பண்ணிட்டாங்க’ என்போம். அந்த ‘ஆங்க’ யார் என்று சொல்லாமலே விடுகிறோமே, இங்கிலீஷ்காரர் செயப்பாட்டு வினையில் செய்வதும் அதுதான். தாளை வாசிக்கும்போது மனசுக்குள் ‘பண்ணிட்டாங்க’, ‘பண்ணுவாங்க’, ‘நான் பண்ணணும்’ என்று மாற்றிப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

பதில் எழுதும்போது வரும் பிழைகள் சில. ‘ஐ ஆம் நாட் ரிசீவ்டு த லெட்டர்’ தவறு. ‘ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு’ என்று எழுதுங்கள். ‘ஐ ஆம் இன்ஃபார்ம்டு’ என்றால் எனக்குச் சொன்னார்கள், ‘ஐ இன்ஃபார்ம்டு’ என்றால் நான் சொன்னேன். புகார்க் கடிதத்தில் இது மாறினால் பழியும் இடம் மாறும். ‘ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்டு’, ‘பஸ் வாஸ் அரைவ்டு’ இரண்டும் தவறு. தானாக நடப்பதற்கும் வந்து சேர்வதற்கும் செயப்பாட்டு வினை கிடையாது. அந்த ‘வாஸ்’ வேண்டாம். ‘ஐ பார்ன் இன் 1998’ என்பதில் மட்டும் தலைகீழ்: ‘வாஸ்’ கட்டாயம் வேண்டும்.

நீங்கள் செய்ததை நீங்கள் செய்ததாகவே எழுதுங்கள். ‘அமவுன்ட் வாஸ் பெய்டு’ என்பதைவிட ‘ஐ பெய்டு ரூ.4,000 ஆன் 3 ஜூன்’ பலமானது. ‘யுவர் அப்ளிகேஷன் ஈஸ் அண்டர் கன்சிடரேஷன்’ என்று அரசு அலுவலகத்திலிருந்து பதில் வந்து அப்படியே கிடந்தால், 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, இப்போது எந்தப் பதவியில் இருப்பவரிடம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேளுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேரளப் பக்கத்தில் தமிழிலேயே எழுதவும் வழி உண்டு. 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது.

எந்தக் கடிதம் கொடுத்தாலும் நகலில் ‘ரிசீவ்டு’ என்று முத்திரை குத்தித் தருவார்கள். அதிலும் யார் என்பது இருக்காது. முத்திரைக்குப் பக்கத்தில் தேதி, கையெழுத்து, பதவி மூன்றையும் அங்கேயே நின்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.