அப்பா நடக்க மாட்டேன் என்கிறாரா? இப்படித் தொடங்கிப் பாருங்கள்

ஓய்வு பெற்றபின் அல்லது துணையை இழந்தபின் டிவி முன்னாலேயே முடங்கிவிட்ட அப்பாவிடமோ அம்மாவிடமோ "தினமும் நடங்க, மனசு லேசாகும்" என்று சொல்வதில் பலன் இல்லை. மனச்சோர்வு முதலில் பறிப்பதே ஆர்வத்தைத்தான், அதனால் ஆர்வம் வரட்டும் அப்புறம் நடக்கலாம் என்று இருந்தால் அது வராது. உடம்பை முதலில் அசைக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள். நம் பெரியவர்கள் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். தூக்கம் இல்லை, பசி இல்லை, ஒரே அசதி என்பார்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு எதுவும் இதே மாதிரி காட்டலாம்.

சரி, எப்படித் தொடங்குவது? அறிவுரை வேண்டாம், வேலை கொடுங்கள். "பால் வாங்கப் போறேன், கூட வாங்கப்பா, தனியாப் போக போரடிக்குது." தெருமுனை வரை போய்த் திரும்ப ஐந்து நிமிடம், முதல் வாரத்துக்கு அது போதும், இன்னும் கொஞ்சம் போலாமே என்று அவரே சொன்னாலும் நாளைக்குப் போகலாம் என்று திரும்பிவிடுங்கள். காலை வெளிச்சத்தில் போவது நல்லது, இரவுத் தூக்கத்துக்கு உதவும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டுங்கள். வேகம் சரியா என்று பார்க்க ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் தேவையில்லை (அட்டெனலால், மெட்டோபிரோலால் மாதிரி பிபி மாத்திரை போடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அந்த எண்ணை நம்பவும் முடியாது). பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது, கூடவே 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசை வலுவுக்கு இரண்டு நாள், தடுமாறாமல் நிற்பதற்கு மூன்று நாள் பயிற்சி. இந்தக் கணக்கை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். வீட்டிலேயே செய்யலாம்: சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவது (சோபா வேண்டாம், புதையும்), சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. மொட்டைமாடியில் 8 வடிவத்தில் நடக்கிற எட்டு நடையும் நல்லதுதான், திரும்பும்போது தலைசுற்றல் வருபவர்களுக்கு மட்டும் வேண்டாம்.

இதெல்லாம் உண்மையிலேயே மனசுக்கு வேலை செய்யுமா என்றால், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைக் கடந்த 156 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 1999-ல் வெளியிட்டார்கள். 16 வாரம் கழித்துப் பார்த்தால், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களும் செர்ட்ராலின் என்கிற மனச்சோர்வு மாத்திரை மட்டும் எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள், ஆரம்பத்தில் மட்டும் மாத்திரைக்கு வேகம் அதிகம். அதற்காக இருக்கிற மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அங்கே பயிற்சி குழுவாகத்தான் நடந்தது என்பதையும் கவனியுங்கள். கூட ஆள் இருப்பது பாதி மருந்து என்பது என் எண்ணம். டிரெட்மில் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியூர் போகிற பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. நீங்கள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்லி வையுங்கள், அதே நேரத்துக்கு அவர் வந்து கூப்பிடட்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். தேய்ந்த ஹவாய் செருப்பு வேண்டாம், பின்னால் வார் உள்ளது வாங்குங்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். மூட்டு லேசாக வலித்தால் பரவாயில்லை. வீங்கினாலோ, நடக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ அன்றைக்கே டாக்டர்.

மாதக்கணக்கில் நடந்தும் முகம் தெளியவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற பேச்சு வந்துவிட்டால் நடை, பயிற்சி எதற்கும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.