எலிக்குடல்ல உப்பு ஓடுற கரண்ட்டை அளக்குறது எப்படி? உஸ்ஸிங் சேம்பர் முதல் பாடம்

பிசியாலஜி லேப்ல புதுசா சேர்றவங்க உஸ்ஸிங் சேம்பரை (நடுத் துளையில திசுத் துண்டை மாட்டி ரெண்டு பக்கமும் திரவம் ஊத்துற பெட்டி) பாத்ததும் முதல்ல கேக்குறது "வோல்டேஜ் எவ்ளோ வரணும்?"னுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமா வைங்க, நமக்கு வேண்டியது கரண்ட்.

ஸ்டெப் 1: பேப்பர்ல ஒரு செல் வரைங்க

ஒரு கட்டம் போதும். மேல்பக்கம் குடலுக்குள்ள சாப்பாடு வர்ற பக்கம், கீழ்ப்பக்கம் ரத்தப் பக்கம். கீழ ஒரு பம்ப் போடுங்க, அது ஒரு ஏடிபியை (செல்லோட எரிபொருள் மூலக்கூறு) செலவு பண்ணி 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள இழுக்கும், டென்மார்க்ல ஸ்கூங்குற விஞ்ஞானி 1957-ல நண்டு நரம்புல காட்டின அதே பம்ப். பக்கத்துலயே பொட்டாசியம் கசியுற சேனல் ஒண்ணு. செல்லுக்குள்ள பொட்டாசியம் சுமார் 140 மில்லிமோலார், வெளிய 4. நாலை 140-ஆல வகுத்து லாக் எடுத்து 61.5-ஆல பெருக்குங்க, மைனஸ் 95 மில்லிவோல்ட் வரும். செல் அவ்ளோ தூரம் போகாது, ஆனா உள்ள மைனஸா இருக்குறதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

இப்போ மேல்பக்கம் எஸ்ஜிஎல்டி1-ங்குற கடத்திப் புரதத்தை வரைங்க. 2 சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தாத்தான் உள்ள விடும். உள்ள சோடியம் கம்மி, அதோட உள்ள மைனஸ் வேற, அதனால சோடியம் வேகமா உள்ள வருது, வரும்போது குளுக்கோஸையும் இழுத்துட்டு வருது, வந்த சோடியத்தைக் கீழ இருக்குற பம்ப் ரத்தப் பக்கம் தள்ளிடுது. பிளஸ் சார்ஜ் மேலருந்து கீழ போயிட்டே இருந்தா குடல் பக்கம் மைனஸ் ஆகும்ல, அதுதான் வோல்டேஜ்.

ஏன் கரண்ட்?

தவளைத் தோலோட செல்களுக்கு நடுவுல இடைவெளி ரொம்ப இறுக்கம், கசிவு கம்மி. எலியோட சிறுகுடல் நல்லாக் கசியும். தவளைத் தோல் 1000 ஓம், எலிக்குடல் 50 ஓம், ரெண்டும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குன்னு வச்சுக்கோங்க. ரெண்டுலயும் 60 மைக்ரோஆம்ப் ஓடினா தவளையில 60 மில்லிவோல்ட், குடல்ல வெறும் 3. கடத்துற வேலை ஒண்ணுதான், வோல்டேஜ் மட்டும் இருபது மடங்கு வித்தியாசம்! அதனாலதான் கோபன்ஹேகன்ல உஸ்ஸிங்கும் செரானும் தவளைத் தோலோட ரெண்டு பக்கமும் ஒரே திரவத்தை ஊத்தி, வெளியருந்து கரண்ட் கொடுத்து வோல்டேஜை ஜீரோவுல பிடிச்சு, அதுக்கு எவ்ளோ கரண்ட் தேவைப்படுதுன்னு பாத்தாங்க. 1951-ல வந்த பேப்பர் அது. கதிரியக்க சோடியத்தை வச்சும் அளந்தாங்க, தோலைத் தாண்டின நிகர சோடியமும் அந்தக் கரண்ட்டும் ஒத்துப்போச்சு. இன்னைக்குப் படிச்சாலும் எனக்குச் சிலிர்க்குது.

ஸ்டெப் 2: திரவம்

ரெண்டு பக்கமும் கிரெப்ஸ் பைகார்பனேட் (ரத்தத்தோட உப்பு அளவை ஒத்த திரவம்), 37 டிகிரி, 95 சதவீத ஆக்சிஜன் 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு கேஸ். ரத்தப் பக்கம் 10 மில்லிமோலார் குளுக்கோஸ், குடல் பக்கம் அதே அளவு மானிட்டால் (எஸ்ஜிஎல்டி1 எடுக்காத, சர்க்கரை மாதிரிப் பொருள்).

ஸ்டெப் 3: குடல் வைக்கிறதுக்கு முன்னாடி

இங்க அவசரப்படாதீங்க, ப்ளீஸ். எலக்ட்ரோடையும் திரவத்தையும் இணைக்கிற அகார் பிரிட்ஜ்ல (உப்பு கலந்த ஜெல்லி நிரப்பின குழாய்) ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் ரீடிங் ஆடும், புதுசா ஊத்திக்கோங்க. வோல்டேஜ் பாக்குற பிரிட்ஜ் ரெண்டும் குடலை ஒட்டி, கரண்ட் விடுறது ரெண்டும் தூரத்துல இருக்கணும். வெறும் திரவத்தோட ஓட விட்டு எலக்ட்ரோட் வித்தியாசத்தை ஜீரோ பண்ணுங்க, அப்புறம் திரவத்தோட ரெசிஸ்டன்ஸை கழிக்கச் சொல்லி செட் பண்ணுங்க. தவளைத் தோல்ல இதை விட்டா பெருசா தெரியாது, ஆனா 50 ஓம் குடல்ல திரவத்தோட ரெசிஸ்டன்ஸே அந்த அளவுக்கு வரலாம், அப்போ நீங்க ஜீரோன்னு நினைக்கிறது ஜீரோவே இல்ல.

ஸ்டெப் 4: குடலை மாட்டுறது

எதிக்ஸ் அனுமதியோட எடுத்த சுண்டெலிக் குடலை ஐஸ்ல வச்ச கிரெப்ஸ்ல போட்டு, கொழுப்பு ஒட்டியிருக்குற ஓரமா நீளவாக்குல வெட்டி விரிங்க. இழுக்காதீங்க. எந்தப் பக்கம் மேலன்னு குறிச்சு வைங்க. வோல்டேஜ் ஒரு இடத்துல நிக்குற வரைக்கும் காத்திருந்துட்டு அப்புறம் ஜீரோவுல பிடிங்க. நடுநடுவுல 2 மில்லிவோல்ட் துடிப்பு கொடுங்க, அதுக்கு கரண்ட் 40 மைக்ரோஆம்ப் மாறினா ரெசிஸ்டன்ஸ் 50 ஓம். அது திடீர்னு சரிஞ்சா எங்கயோ கிழிஞ்சிருக்கு, அந்தத் துண்டை விட்டுடுங்க.

ஸ்டெப் 5: குளுக்கோஸ்

குடல் பக்கம் 10 மில்லிமோலார் குளுக்கோஸ், கூடவே ரத்தப் பக்கம் 10 மானிட்டால், இல்லனா தண்ணி இழுத்து குழப்பிடும். கொஞ்ச நேரத்துல கோடு மேல ஏறும் பாருங்க, பேப்பர்ல வரைஞ்ச எஸ்ஜிஎல்டி1 கண்ணு முன்னாடி வேலை செய்யுது. அப்புறம் குடல் பக்கம் எஸ்ஜிஎல்டி1-ஐ அடைக்கிற ஃபுளோரிசின் போட்டா இறங்கிடும்.

கடைசியா ஃபோர்ஸ்கோலின் போடுங்க. செல்லுக்குள்ள சிக்னல் கொடுக்குற சைக்ளிக் ஏஎம்பி ஏறி குளோரைடு குடலுக்குள்ள கொட்டும், கரண்ட் மறுபடி ஏறும், குடல் இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். காலரா நச்சும் சைக்ளிக் ஏஎம்பியை ஏத்தித்தான் தண்ணியை வெளிய கொட்ட வைக்குது, ஆனா எஸ்ஜிஎல்டி1 அப்பவும் வேலை செய்யும். ஓஆர்எஸ்ல உப்போட குளுக்கோஸும் இருக்குறதுக்குக் காரணம் இதுதான், 2002-ல உலக சுகாதார நிறுவனம் மாத்தின ஃபார்முலாவுல சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல், ஒரு லிட்டருக்கு.

கணக்கு போடும்போது

கரண்ட்டை குடல் மாட்டின துளையோட பரப்பால வகுங்க. 26.8 மைக்ரோஆம்ப்னா மணிக்கு 1 மைக்ரோமோல் ஒற்றைச் சார்ஜ் அயனி. ஆனா குடல்ல குளோரைடும் பைகார்பனேட்டும் சேர்ந்து ஓடும், அதனால மொத்தக் கரண்ட்டையும் சோடியம்னு எழுதிடாதீங்க, குளுக்கோஸ் போட்டதுக்கு அப்புறம் ஏறின அளவை மட்டும் எடுங்க, ஃபுளோரிசின்ல இறங்கின அளவோட அது ஒத்துப்போகுதான்னும் பாத்துக்கோங்க.