சக்கரம் வைத்தாலும் வீடு வீடுதான்: பெங்களூரு ஓரத்தில் நிலம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனேக்கல் தாலுகாவில் ஒரு கேழ்வரகு வயலின் ஓரம் என் சித்தப்பாவின் கன்டெய்னர் வீடு நிற்கிறது. நான்கு மூலையிலும் கான்கிரீட் கட்டைகள், வாசலுக்கு மூன்று படி வைத்த இரும்பு ஏணி, ஜன்னலில் சித்தி தைத்துப் போட்ட நீலத் திரை. பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வாடகை கொடுத்தவர்கள். "நகர்த்தக்கூடிய வீடு, அனுமதி எதுவும் வேண்டாம்" என்று நிலத்தை விற்றவர் சொன்னதை நம்பிவிட்டார்கள். வீடு வந்து இறங்கியது. மின் இணைப்பு வரவில்லை. இன்னொரு குடும்பம் இப்படிச் சேமிப்பை இழக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேரான தவறு, சக்கரத்தையோ கட்டையையோ பார்த்து "இது கட்டடம் அல்ல" என்று நினைப்பது. தேசியக் கட்டடக் கோவையின்படி எந்தப் பொருளால் செய்யப்பட்டாலும், எந்த நோக்கத்துக்கு எழுப்பப்பட்டாலும் அது கட்டடம்தான். இரும்புப் பெட்டிக்கு விலக்கு இல்லை. அதற்கும் முன்பாக நிலத்தைப் பற்றிய கேள்வி இருக்கிறது. கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964இன் 95ஆம் பிரிவுப்படி, விவசாய நிலத்தை வேறு பயனுக்குக் கொண்டுவர மாவட்டத் துணை ஆணையரின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் கலெக்டர் என்று நாம் சொல்லும் பொறுப்பு அது. இங்கே எல்லோரும் 'டி.சி. கன்வர்ஷன்' என்பார்கள். விவசாயம் செய்பவர் தம் நிலத்தில் பண்ணை வீடு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வயலை முப்பதுக்கு நாற்பதாகக் கூறுபோட்டு வரிசையாக வீடுகளை நிறுத்துவது பண்ணை வீட்டுக் கணக்கில் வராது.

அந்த மாற்றமும் கேட்டவுடன் கிடைத்துவிடாது. 1961ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டப்படி திட்டப் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்ட அமைப்பும் நிலப் பயன்பாட்டு வரைபடமும் உண்டு. நகரத்துக்கு பெங்களூரு வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. தயாரித்த 2015 பெருந்திட்டம் இருக்கிறது. ஆனேக்கலுக்குத் தனித் திட்ட ஆணையம் இருக்கிறது. தரகர்கள் 'யெல்லோ ஜோன்' என்று சொல்வது இந்த வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒதுக்கிய மஞ்சள் பகுதியை. நம் சர்வே எண் விவசாய மண்டலத்தில் விழுந்திருந்தால் முதலில் நிலப் பயன்பாட்டையே மாற்றியாக வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் திட்ட ஆணையத்திலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சித்தப்பா விற்றவரின் கைப்பேசியில் இருந்த வண்ணப் படத்தை மட்டும் பார்த்தார்.

"இப்போது யார் வேண்டுமானாலும் விவசாய நிலம் வாங்கலாமே" என்பார்கள். உண்மைதான். விவசாயி அல்லாதவர்களைத் தடுத்த, கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் 2020இல் நீக்கப்பட்டன. அதனால் வாங்க முடிகிறது. குடியிருக்கும் உரிமை அந்தத் திருத்தத்தில் வரவில்லை. பத்திரப் பதிவு முடிந்துவிட்டால் எல்லாம் சரி என்று நம்பியவர்கள் அதிகம் சிக்கிய இடம் இது.

நம் தமிழ்க் குடும்பங்கள் தனியாகச் செய்யும் ஒரு தவறும் உண்டு. ஓசூர் அரை மணி நேரத் தொலைவில் இருப்பதால் அங்கே பழகிய சொற்களை அத்திப்பள்ளிக்கு இப்புறமும் பொருத்திப் பார்க்கிறோம். காத்தா என்றால் பட்டா என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காத்தா என்பது சொத்து வரிக் கணக்கு; அது உரிமைப் பத்திரம் ஆகாது. விவசாய நிலத்துக்குப் பார்க்க வேண்டியது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, என்ன பயிர் என்று காட்டும் பதிவேடான பஹணி என்கிற ஆர்.டி.சி. சித்தப்பாவின் பஹணியை வாங்கிப் பார்த்தபோது ஒரே சர்வே எண்ணில் பதினான்கு பெயர்கள் இருந்தன. விற்றவர் கொடுத்த வரைபடத்தில் 'மனை எண் 9' என்று இருந்தது. பதிவான பத்திரத்திலோ ஒரு குண்டே சொச்சம் பங்கு என்று மட்டும் இருந்தது. ஒரு குண்டே 1,089 சதுர அடி. அந்தப் பங்கு வயலின் எந்த மூலையில் இருக்கிறது என்று எங்கும் எழுதப்படவில்லை. சர்வே எண்ணைப் பிரித்து விற்கும்போது '11இ' நில அளவை வரைபடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மனை விற்பவரிடம், வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவின் பதிவு எண்ணையும் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றால் பதிவு கட்டாயம்.

அடுத்தது ராஜகாலுவே. கோடையில் வெறும் பள்ளமாகத் தெரியும் மழைநீர்க் கால்வாயை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஏரிக்கு 75 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ரத்து செய்தது. இடைவெளியே தேவையில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 2015 பெருந்திட்டத்தின் அளவுகளே நின்றன: ஏரிக்கு 30 மீட்டர், கால்வாய்களுக்கு அவற்றின் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர்.

பெட்டியின் அளவையும் முன்பே பாருங்கள். வசிக்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பு, 2.4 மீட்டர் அகலம், 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுக் கட்டடக் கோவை. கப்பலில் வரும் சாதாரண கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர், உயர வகையிலும் உள் உயரம் 2.7 மீட்டரைத் தாண்டாது. வெயிலுக்குத் தடுப்புப் பலகை அடித்தால் இன்னும் குறையும். இரண்டு பெட்டிகளைப் பக்கவாட்டில் இணைத்தால் அகலம் கிடைக்கும்; உயரத்துக்குக் கூரையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். வீடு செய்து தருபவரிடம் இதைப் பேசாமல் கொட்டேஷன் வாங்குவதில் பயனில்லை.

அமெரிக்கக் காணொளிகளைக் காட்டித்தான் பலர் இந்த ஆசையை வளர்க்கிறார்கள். அங்கே தொழிற்சாலையில் செய்து சக்கரத்தில் இழுத்துவரும் வீடுகளின் தயாரிப்புக்கு 1976 ஜூன் 15 முதல் நாடு முழுவதற்கும் ஒரே தரவிதி இருக்கிறது. ஆனால் எங்கே நிறுத்தலாம் என்பதை அந்தந்த ஊரின் மண்டல விதிதான் முடிவு செய்கிறது. பல ஊர்கள் இந்த வீடுகளுக்கென்றே ஒதுக்கிய வளாகங்களுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன. வீடு சொந்தமாக இருந்தும் நிலத்துக்கு வாடகை கட்டுபவர்கள் ஏராளம்.

மின்சாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறு. கட்டட நிறைவு அல்லது குடியேற்றச் சான்றிதழைக் காட்டினால்தான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று உத்தரவிட்டது. திட்ட அனுமதியே இல்லாத வீட்டுக்கு அந்தச் சான்றிதழை யார் தருவார்கள்?

சித்தி இப்போதும் ஸ்ரீராம்புரத்து வாடகை வீட்டில்தான் சமைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பஸ் பிடித்து ஆனேக்கலுக்குப் போய், ஏணியில் ஏறிக் கதவைத் திறந்து, உள்ளே படிந்த தூசியைத் துடைத்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள்.