மொழி வகுப்பில் பேசும் அவதார்: எங்கே சறுக்குகிறது?

வகுப்பில் வாய் திறக்கத் தயங்குகிற மாணவர்கூட ஒரு பொம்மை முகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசிவிடுவார். நாம் உருவாக்கும் பொம்மை முகத்தை (அவதார்) நம் குரலில் பேசவைக்கும் அவதார் செயலியால் மொழி ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான். ஆனால் பல வகுப்புகளில் அந்தப் பேச்சு தொடங்குவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

காரணம், வேலையின் வரிசை. செயலியைத் திறந்ததுமே தலைமுடி, சட்டை, பின்னணி என்று பிள்ளைகள் இறங்கிவிட்டால் 40 நிமிடத்தில் 30 அதிலேயே கரையும். என்ன பேசப் போகிறார்கள் என்பதைத் தயார் செய்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகுதான் கருவி கைக்கு வர வேண்டும். அவதார் செய்ய 5 நிமிடம் தாராளம்.

இல்லையென்றால், உருவாக்குவதையே பேச்சுப் பயிற்சி ஆக்கிவிடலாம். இருவர் இருவராக உட்காரட்டும். ஒருவரிடம் முடிந்த அவதாரின் படம், மற்றவரிடம் செயலி. படத்தைக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

“கண்ணாடி போட்டிருக்காங்க.”
“வட்டமா, சதுரமா?”
“வட்டம். முடி தோள் வரைக்கும், முன்னாடி மட்டும் சுருட்டை.”

கடைசியில் இரண்டு முகங்களையும் அருகருகே வைத்தால் எந்த வாக்கியம் போய்ச் சேரவில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். சொந்தச் சாயலில்தான் செய்ய வேண்டும் என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். செயலியில் இருக்கும் நிறமும் உடையும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

அடுத்த சறுக்கல், தட்டச்சு செய்ததைச் செயலியே வாசிக்கும் வசதி. பேச்சுப் பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டு இயந்திரத்தைப் பேச விடுவதில் என்ன பயன்? பதிவு மாணவரின் குரலாகவே இருக்கட்டும். இயந்திரக் குரலைப் பிழை பிடிக்க வைத்துக்கொள்ளலாம். ‘பள்ளிக்குப் போனேன்’ என்பதைப் ‘பல்லிக்குப் போனேன்’ என்று அடித்தவர், அதை உரக்கக் கேட்கும்போது தானே சிரித்துத் திருத்துவார். பேச்சுவழக்கில் எழுதிக் கொடுத்தால் அந்தக் குரல்கள் பெரும்பாலும் தடுமாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேர வரம்பைப் பார்க்காமல் பணி கொடுப்பதும் உண்டு. படத்தில் வாய் இருக்கும் இடத்தில் ஒரு கோடு இழுத்தால் அதைப் பேசவைக்கும் சாட்டர்பிக்ஸ் கிட்ஸ் என்ற செயலி 30 வினாடிதான் பதிவு செய்யும். கற்பவரின் வேகத்தில் அது ஏறத்தாழ 30 முதல் 35 சொற்கள். ஒரு பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் பாதி வாக்கியத்தில் அறுந்துவிடும். நீளமானதை மூன்று நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். முழு உரையையும் கையில் வைத்துப் படித்தால் ஒப்பிக்கும் குரல்தான் வரும். சீட்டில் ஐந்து குறிப்புச் சொற்கள் போதும்.

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் ஒவ்வொரு கோப்பிலும் பக்கத்து மேசைதான் கேட்கும். நான்கு நான்கு பேராக அறையின் மூலைகளுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களை எழுத வையுங்கள். கருவியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, முதலில் 5 வினாடி பேசிக் கேட்டுப் பார்க்கட்டும்.

மாணவரின் முகப் படத்தை ஏற்றுவது சிறிய தவறல்ல. குரல், முகம், பெயர் மூன்றும் ஒரே இணைப்பில் வெளியே போய்விடும். வரைந்த படமோ பழமோ காலணியோ போதும். முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் பேச்சில் வர வேண்டாம். 13 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதால், பல சேவைகள் அந்த வயதையே வரம்பாக வைத்திருக்கின்றன. கணக்குத் தொடங்கச் சொல்வதற்கு முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

பதிவுகளை வரிசையாக ஓட்டிக் கைதட்டி முடிப்பதும் வீண்தான். கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி எழுதட்டும். அவதாருக்கு உரியவர் அதற்கு இந்த முறை பொம்மை இல்லாமல் பதில் சொல்லட்டும்.