கியர்பாக்ஸை இறக்க எந்த ஜாக்கி? டன்னை விடுங்கள், உயரத்தை அளவிடுங்கள்

ஜாக்கி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை டன் தாங்கும்?" என்பதைத்தான். முதல் தடவை நானும் அதைத்தான் கேட்டேன். காரைத் தூக்க வைத்திருந்த இரண்டு டன் டிராலி ஜாக்கியின் சின்ன வட்டத் தட்டில் கியர்பாக்ஸை ஏந்தினேன். கடைசி போல்ட் கழன்ற நொடியில் அது பக்கவாட்டில் உருண்டது. அடியில் பழைய டயர் ஒன்றைப் போட்டிருந்ததால் பெட்டி பிழைத்தது. கையை இழுத்துக்கொண்டதால் நான் பிழைத்தேன். இரண்டு டன் தாங்கும் ஜாக்கியால் ஐம்பது கிலோவை நிலையாகப் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

முதல் படி: எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிறிய முன்சக்கர இயக்கக் கார்களின் மேனுவல் கியர்பாக்ஸ் பெரும்பாலும் 30 முதல் 50 கிலோ வரை இருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் 70 கிலோவுக்கு மேல் போகும். நான்கு சக்கர இயக்க வண்டிகளில் 100 கிலோவையும் தாண்டலாம். கியர்பாக்ஸுக்கென்றே செய்யப்படும் ஜாக்கிகளில் பல 450 கிலோ வரை தாங்கும். ஆகவே எடையைப் பற்றிய கவலை இத்தோடு போதும்.

இரண்டாம் படி: டேப்பை எடுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். காரைச் சமமான, கெட்டியான தரையில், காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திவிட்டு மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து கியர்பாக்ஸின் அடிப்பாகம் வரை, தரையிலிருந்து காரின் கீழ்விளிம்பு வரை, பெட்டியின் மொத்த உயரம். உயரத்தில் பெரும்பங்கு பெல் ஹவுசிங்குக்குத்தான், அதாவது எஞ்சினோடு சேரும் மணி வடிவப் பகுதிக்குத்தான்.

ஜாக்கியின் உச்ச உயரம் முதல் அளவை எட்ட வேண்டும். எட்டாத இடத்துக்குக் கட்டைகளை அடுக்கி ஒப்பேற்ற நினைக்காதீர்கள். தாழ்ந்த உயரத்துக்கு இன்னொரு கணக்கு. முழுக்க இறக்கிய ஜாக்கி 20 செ.மீ., பெட்டி 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை ஜாக்கியோடு வெளியே உருட்ட, காரின் கீழ்விளிம்பு 60 செ.மீ.க்கு மேல் நிற்க வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் சாதாரண ஸ்டாண்டுகள் பெரும்பாலும் 40 செ.மீ. சுற்றிலேயே நின்றுவிடும். கழற்றிய பெட்டி காருக்கு அடியிலேயே சிறைப்படும் கதை இப்படித்தான் நடக்கிறது. உயரமான ஸ்டாண்டு கிடைக்காவிட்டால், ஜாக்கியை முழுக்க இறக்கி, பெட்டியை மெதுவாக ஒட்டுப்பலகையின் மேல் சரித்து, ஜாக்கியைத் தனியாகவும் பலகையைத் தனியாகவும் இழுக்கலாம். அப்போதும் விளிம்பு பெட்டியை விட உயரமாக இருந்தாக வேண்டும்.

மூன்றாம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

கம்பம்போல் நெட்டையாக நிற்கும் ஜாக்கி வீட்டுக்கு உதவாது. அது லிஃப்டில் தலைக்கு மேல் தூக்கிய காருக்கானது. தரையில் படுத்து வேலை செய்பவருக்கு, கத்தரிக்கோல்போல் விரியும் தாழ்வான கியர்பாக்ஸ் ஜாக்கியே சரி. ஆண்டுக்கு ஒரு முறைகூடப் பயன்படாது என்றால், டிராலி ஜாக்கியின் வட்டத் தட்டைக் கழற்றிவிட்டுப் பொருத்தும் அகலத் தட்டு போதும். ஆனால் அதன் தண்டு உங்கள் ஜாக்கியின் துளையில் ஆடாமல் உட்கார வேண்டும். தட்டின் தடிமனை இரண்டாம் படியின் கணக்கில் கூட்டிக்கொள்ளவும் வேண்டும்.

நான்காம் படி: சாய்மானத்தைச் சோதியுங்கள்

கியர்பாக்ஸின் தாங்கியைக் கழற்றியதும் பின்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சினின் பின்பக்கம் சற்றே தாழும். பெட்டியும் அதே கோணத்தில் பின்னால் நகர வேண்டும். தட்டு சாயாவிட்டால் மொத்த எடையும் இன்புட் ஷாஃப்டில் (எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டில்) தொங்கி, கிளட்ச் தட்டின் நடுப்பகுதியைக் கெடுத்துவிடும். எனவே முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் திருகால் சாய்க்கக்கூடிய தட்டாகப் பாருங்கள். பெட்டியைக் கட்ட சங்கிலியோ பட்டையோ உண்டா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை ஒன்று தனியாக வாங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் பெட்டியோடு சேர்ந்தே வர வேண்டும். அது நழுவி விழாதபடி அதையும் கட்டுங்கள்.

முன்சக்கர இயக்கக் கார் என்றால் எஞ்சினை மேலிருந்து பிடிக்கத் தனித் தாங்கி தேவை. இந்த ஜாக்கி அதற்கு மாற்றாகாது. காரின் எடையை ஸ்டாண்டுகள்தாம் தாங்க வேண்டும். எந்த ஜாக்கியை நம்பியும் அடியில் நுழையாதீர்கள்.

ஐந்தாம் படி: மணல் மூட்டையால் ஒத்திகை

வாங்கியதும் பெட்டியின் எடைக்குச் சமமான மணல் மூட்டையைத் தட்டில் கட்டி, உச்சம் வரை உயர்த்தி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தானாக இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நின்றால் ஜாக்கியை இறக்கும் வால்வை முடி அளவு திறந்து இறக்குங்கள். தொபீரென்று விழும் ஜாக்கியும் வேண்டாம். பிறகு தாழ்த்திய நிலையில் மூட்டையோடு தரையில் உருட்டுங்கள். சின்ன இரும்புச் சக்கரங்கள் ஒரு கூழாங்கல் பட்டாலே நின்றுவிடும், மேலே இருப்பது மட்டும் நகரப் பார்க்கும். அப்படி நின்றால் தரையில் ஒட்டுப்பலகை விரித்துவிட்டுத்தான் முதல் போல்ட்டில் கை வைக்க வேண்டும்.